மைனி பேரில் ஒரு கணக்கு

என் அண்ணன் மனைவியை வங்கிக்கு முதன்முதலாக அழைத்துக்கொண்டு போன அன்று பள்ளியில் அரைநாள் விடுப்புதான் எழுதிக் கொடுத்திருந்தேன். அரைநாள் போதும் என்று எப்படி நினைத்தேன் என்று யோசித்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. அந்தச் சேமிப்புக் கணக்கு திறக்க ஐந்து மாதத்துக்கு மேல் ஆயிற்று.

எங்கள் கடற்கரையில் அண்ணன் மனைவியை மைனி என்று கூப்பிடுவோம். என் மைனி பிலிப்பைன்ஸ்காரர். அண்ணன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்த காலத்தில் வலை இழுக்கும் எந்திரத்தில் இரண்டு விரல் சிக்கி, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தான். மைனி அந்த வார்டில் நர்ஸ். இரண்டு வீட்டாரும் கத்தோலிக்கர்கள் என்பதால் கோயில் காரியத்தில் சிக்கல் வரவில்லை. சாப்பாடுதான் எப்படி ஒத்துப்போகுமோ என்று அம்மா கவலைப்பட்டாள். அவர்களும் மூன்று வேளை சோறும் மீனும் தின்கிற ஆட்கள் என்று தெரிந்த பிறகு அந்தக் கவலையும் போயிற்று.

லீவுக்கு லீவு எங்கள் ஊரான இனயத்துக்கு வந்து, மீன் விற்கும் பெண்களிடமும் ஜெபமாலைக் கூட்டத்திலும் இருந்து மைனி தமிழ் படித்தார். அதனால் அவர் பேசுவது அச்சு அசல் எங்கள் பேச்சு. நன்றாயிருந்தால் 'கொள்ளாம்' என்பார், போதுமென்றால் 'மதி' என்பார். ழகரம் மட்டும் முதலில் வரவில்லை. மகளோடு உட்கார்ந்து 'வாழப்பழம், வாழப்பழம்' என்று சொல்லிச் சொல்லி அதையும் வாங்கிவிட்டார்.

போன வருஷம் அண்ணன் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். மகளை இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்து, மைனி பதினோரு வருஷம் பார்த்த நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்தார். அவருடைய சேமிப்பும், வேலையை விட்டபோது கிடைத்த தொகையும் அந்த நாட்டு வங்கியில் கிடந்தன. அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை நவம்பர் நடுவில் காலாவதியாகும். அதன் பிறகு அந்தக் கணக்கை முடக்கிவிடுவார்கள். அதற்குள் இங்கே தன் பேரில் ஒரு கணக்கு திறந்து பணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். காரியம் இவ்வளவுதான். அப்போது ஜூன் மாதம்.

நாங்கள் பயந்ததெல்லாம் போலீசுக்குத்தான். வெளிநாட்டவர் வந்து தங்கினால் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். போலீஸ் என்றதும் அம்மா புனித நீர் தெளித்துத்தான் அனுப்பினாள். நாகர்கோவிலில் பதிவு செய்யும் அறையில் ஒரு பெண் இருந்தார். "உக்காருங்கம்மா" என்றார் மைனியைப் பார்த்து. கேள்விகளை மைனியிடமே கேட்டார். மைனியின் குடும்பப் பெயரில் ஓர் எழுத்தின் மேல் அலை மாதிரி சின்னக் கோடு ஒன்று உண்டு. அதைக்கூடக் கவனித்து, "இது பேரோட சேர்ந்ததா, அச்சுப் பிழையா?" என்று விசாரித்தார். சில நாளில் போட்டோவும் முத்திரையும் எங்கள் வீட்டு முகவரியுமாகப் பதிவுச் சான்று கைக்கு வந்தது. போலீசே இப்படி என்றால் பேங்க் என்ன பெரிய காரியம் என்று நான் பஸ்ஸில் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் பகுதியில் இருக்கும் அந்த வங்கிக் கிளையில்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. வாசலில் பெரிய போர்டு ஒன்று மாட்டியிருப்பார்கள். விமானத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கும். 'வெளிநாடு வாழ் சொந்தங்களே, உங்களுக்காகவே நாங்கள்' என்று எழுதியிருக்கும். பொய்யும் இல்லை. எங்கள் கரையில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கிளை நடப்பதே அந்த ஆண்கள் அனுப்பும் பணத்தில்தான்.

கவுண்டரில் இருந்தவர் என்னைத் தெரிந்தவர். "வாங்க டீச்சரே, என்ன காரியம்?" என்றார்.

"எங்க மைனிக்கு ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கணும் சார்."

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மைனியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இது எந்த நாடு?" என்றார்.

"பிலிப்பைன்ஸ்."

"இதுக்குத் தமிழ் தெரியுமா?"

குழந்தையை அது இது என்று செல்லமாகச் சொல்வது உண்டு. நாற்காலியைச் சொல்வோம், ஆட்டைச் சொல்வோம். முப்பத்தொன்பது வயதுப் பெண், ஒரு பிள்ளைக்குத் தாய், பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி நிற்கிறார். அவரை 'இது' என்கிறார் ஒரு படித்த மனிதர். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் "தெரியும் சார்" என்று பணிவாகத்தான் சொன்னேன். காரியம் ஆக வேண்டுமே என்ற நினைப்பு.

மைனிதான் கவுண்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இது பேசும் சாரே. என்ன வேணுமோ கேளுங்க" என்றார்.

கவுண்டர்காரர் கூச்சப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வாயெல்லாம் பல்லாக, பக்கத்து கவுண்டர்காரரைத் திரும்பிப் பார்த்து, "கொள்ளாமே! நல்லா பேசுதே!" என்றார்.

ஃபாரம் வந்தது. முதல் வரியிலேயே தகராறு. மைனியின் பெயரில் நடுவில் வருவது அவருடைய அம்மாவின் குடும்பப் பெயர். அவர்கள் நாட்டு வழக்கம் அது. "நடுவுல உள்ளது அப்பா பேரா?" என்று கேட்டார். அம்மாவுடையது என்றதும், "அம்மா பேர எங்க போட? இனிஷியல் என்ன?" என்றார். அலைக்கோடு போட்ட எழுத்தை சிஸ்டம் எடுக்காது என்றார். கோடு இல்லாமல் போட்டால் பாஸ்போர்ட்டோடு பொருந்தாது என்றும் அவரே சொன்னார். பிறகு பதிவுச் சான்றைப் புரட்டிப் பார்த்து, முகவரிக்கு ஆதாரமாக இது எங்கள் பட்டியலில் இல்லை, மேனேஜரைப் பாருங்கள் என்று அனுப்பினார். போட்டோவும் அரசாங்க முத்திரையும் முகவரியும் உள்ள காகிதம் பட்டியலில் இல்லை. கேஸ் ரசீது இருக்கிறது. கேஸ் இணைப்பு அம்மா பேரில். கரண்ட் பில் செத்துப்போன அப்பா பேரில்.

மேனேஜர் வேறு மாவட்டத்துக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார், என்னிடம். "உட்காருங்க மேடம்" என்று எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். சுவரோரம் இருந்த இன்னொரு நாற்காலியை மைனி தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஃபாரின் நேஷனல்னா கொஞ்சம் ரிஸ்க் மேடம். அவங்க நாட்டுத் தூதரகத்துல இருந்து அட்ரஸ் லெட்டர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

"நான் இங்கதான் இருக்கேன் சாரே" என்றார் மைனி. "என்கிட்டயே சொல்லலாம்."

மேனேஜர் சிரித்துவிட்டு மறுபடியும் என்னிடமே, "லெட்டர் வந்தா பண்ணிடலாம் மேடம்" என்றார்.

டெல்லிக்கு எழுதிப் போட்டு, கட்டணம் கட்டி, போன் மேல் போன் அடித்து, அந்தக் கடிதம் கூரியரில் வந்து சேர ஆகஸ்ட் பிறந்துவிட்டது. எடுத்துக்கொண்டு ஓடினோம். மேனேஜர் இரண்டு முறை படித்தார். "இதுல 'தற்போது வசிக்கிறார்'னு இருக்கு மேடம். நிரந்தர முகவரின்னு இல்லையே."

"நான் ஒங்க நாட்டுல நிரந்தரமா இருக்கலாம்னு எந்த எம்பசி சாரே எழுதித் தரும்? அது எங்க நாட்டு எம்பசி" என்றார் மைனி.

மேனேஜர் கடிதத்தை மடித்தார். தலைமை அலுவலகத்துக்கு மெயில் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். நாங்கள் எழும்போது குரலைத் தாழ்த்தி எனக்கு ஒரு யோசனையும் கொடுத்தார். "மேடம், எதுக்கு இவ்வளவு சிரமம்? உங்களுக்கு இங்கயே சேலரி அக்கவுண்ட் இருக்கு. அவங்க பணத்தை உங்க கணக்குல போட்டுக்கலாமே. ஃபேமிலிதானே."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அன்று சாயங்காலம் கப்பலிலிருந்து அண்ணன் கூப்பிட்டபோது அவனும் அதையே சொன்னான். "ஒன் கணக்குல போடச் சொல்லு. எதுக்கு வெறுதே வம்பு?" அந்தத் தைரியத்தில் அடுக்களைக்குப் போனேன். மைனி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கை நின்றது.

"மக்கா, ஒன் கணக்குல போட்டா, நான் கேட்டா நீ தரமாட்டியா?"

"என்ன மைனி இப்படிக் கேக்கிதிய? தருவேன்."

"தருவ. எனக்குத் தெரியும். ஆனா நான் கேக்கணும் இல்லியா? பிள்ளைக்குச் செருப்பு வாங்கணும்னா கேக்கணும். எங்கம்மைக்கு மருந்துக்கு அனுப்பணும்னா கேக்கணும். பதினோரு வருஷம் அடுத்தவங்க மூத்திரச் சட்டி எடுத்து உண்டாக்கின பைசா அது. அத நான் எதுக்குக் கேட்டு வாங்கணும்?"

சத்தம் போடவில்லை. நோயாளியிடம் மருந்து வேளையைச் சொல்வது போலச் சொன்னார். சொல்லிவிட்டு நெத்திலித் தலையைக் கிள்ள ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்தபோது அதை அப்பா கணக்கில் போடச் சொன்னார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குத் தனிக் கணக்கு எதற்கு என்றார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து சாதித்தேன். அதைப் பெரிய வீரமாகப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்கிறேன். அப்படிப்பட்ட நான், யாரோ ஒருவர் சொன்ன யோசனையை மடியில் கட்டிக்கொண்டு வந்து மைனியிடம் அவிழ்த்திருக்கிறேன். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மைனி முதல் முறை வந்திருந்தபோது ஆசிரியர் அறையில், "எங்க வீட்டுல ஒரு பிலிப்பைனி வந்திருக்கு" என்று நானே சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். 'வந்திருக்கு.' கவுண்டர்காரர் வாயிலிருந்து வந்தபோது காது சூடானது எனக்குத்தான். என் மேல் வந்த கோபமும் சேர்ந்துகொண்டதால்தானோ என்னவோ, அதற்குப் பிறகு இந்தக் காரியத்தில் எனக்கு நிதானமே இல்லாமல் போயிற்று.

செப்டம்பரில் மூன்று முறை போனோம். ஒரு முறை மேனேஜர் விடுமுறை. ஒரு முறை சர்வர் வேலை செய்யவில்லை. இன்னொரு முறை, தலைமை அலுவலகம் கேட்ட விவரத்தை இன்னும் அனுப்பவில்லை, இனிமேல்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு அரைநாள் விடுப்பு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அம்மா வெயிலில் நடக்க வேண்டும். இது போக ஒரு முறை மைனி தனியாகவே போனார். அன்று டோக்கன் எண் வந்து கவுண்டரில் நின்றவரை, "டீச்சர் வரல்லியா? டீச்சரோட வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 'வா.' ஆறாம் வகுப்புப் பிள்ளையைச் சொல்வது மாதிரி.

அண்ணன் இருபத்திரண்டு வயதில் முதல் தடவை வளைகுடா போன கதையை வீட்டில் எல்லாரும் கேட்டிருக்கிறோம். போன இரண்டாவது வாரம் கம்பெனி வேனில் இருபது பேரை ஏற்றி வங்கிக்குக் கொண்டுபோனார்கள். அரபியும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. ஒரு மலையாளி கிளார்க் பேர் கேட்டார், ஒப்பு வாங்கினார். அரை மணி நேரத்தில் கையில் கார்டு. அந்த நாட்டில் அவனைப் படுத்தின பாடு வேறு நிறைய உண்டு. நான் அந்த நாட்டுக்குக் கொடி பிடிக்கவில்லை. ஆனால் கையெழுத்துக் கோணலாகப் போடும் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அந்நிய தேசம் கொடுத்த ஒன்றை, அங்கே சம்பாதித்ததைக் கொண்டுவரும் ஒரு நர்சுக்கு எங்கள் ஊர் கொடுக்க மறுத்தது. யாரிடம் போய் இதைச் சொல்ல?

அக்டோபர் கடைசியில் மறுபடியும் மேனேஜர் அறை. பதில் வரவில்லை என்றார்.

"எப்ப வரும்?" என்று மைனி கேட்டார்.

"சொல்ல முடியாதும்மா."

"சரி சாரே. அப்ப ஒரு காரியம் செய்யுங்க. ஒங்களுக்குக் கணக்கு தர முடியாது, இன்ன காரணம்னு ஒரு தாள்ல எழுதி ஒப்பு போட்டுத் தாங்க. நான் போயிருதேன்."

"அப்படி எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்லையே."

"முடியாதுன்னு வாயால சொல்லுதிய. அதத்தான் எழுதச் சொல்லுதேன்."

"முடியாதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"அப்ப முடியுமா?"

"அப்படியும் சொல்லலையே."

எனக்குள் ஏதோ அறுந்தது. நான் எழுந்து நின்று கத்தினேன். வகுப்பறையில்கூட அப்படிக் கத்தியதில்லை. "இந்தப் பேங்கு ஓடுறதே வெளிநாட்டுப் பைசாவுல! வெளிய மாட்டியிருக்க போர்டக் கழத்திப் போடுங்க மொதல்ல! அந்தப் படத்துல சிரிக்கிறவங்க மட்டுந்தான் ஒங்களுக்குச் சொந்தமா?" இன்னும் என்னென்னவோ. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செக்யூரிட்டி ஓடி வந்தார். வந்தவருக்கு யாரைப் பிடித்து வெளியே அனுப்புவது என்று தெரியவில்லை. டீச்சரையா, வெளிநாட்டுக்காரரையா? கதவைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

வரிசையில் நின்ற, எங்கள் ஊரில் மீன் விற்கும் அக்கா ஒருவர் பாஸ்புக்கால் விசிறிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னத்துக்கு டீச்சரே சத்தம் போடுதிய?" என்றார். சொன்னேன். அவர் மேனேஜரைப் பார்த்து, "என்ன சாரே இது? எங்க ஆம்பிளையளுக்கெல்லாம் அரபிக்காரனுவ நாட்டுல கணக்கு உண்டு. நம்ம நாட்டுல இவளுக்கு ஒண்ணு குடுத்தா என்ன கொறஞ்சா போவும்?" என்றார். வரிசையில் இன்னும் நாலைந்து பேர் "பின்ன?" என்றார்கள். மேனேஜர் முகம் சிவந்து, "மேடம், இது பப்ளிக் பிளேஸ்" என்றார். அவருக்கு வந்த வருத்தம் அது ஒன்றுதான்.

மைனி என் தோளைத் தொட்டு, "மதி மக்கா, வா" என்றார்.

வீட்டுக்கு வந்த கையோடு புகார் எழுத உட்கார்ந்தேன். மூன்று பக்கம் ஓடியது. மனிதநேயம், விருந்தோம்பல், பெண்ணுரிமை எல்லாம் வந்துவிட்டன. மைனி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா கோவம் எல்லாத்தயும் எடுத்துப் போடு. தேதி மட்டும் போதும்" என்றார். உள்ளே போய் ஒரு சின்ன நோட்டை எடுத்து வந்தார். வங்கிக்குப் போன நாள், மணி, யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், என்ன காகிதம் கொடுத்தோம் என்று ஆங்கிலத்தில் வரிவரியாக எழுதி வைத்திருந்தார். வார்டில் காய்ச்சலும் ரத்த அழுத்தமும் குறித்த கை. ஒரு இடத்தில்கூட ஒரு வசவு இல்லை. படிக்கப் படிக்க எனக்குத்தான் பல் நறநறத்தது. அதையே தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு பக்கத்தில் எழுதி, மண்டல அலுவலகத்துக்கும் மேலிடத்துக் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

பதில் இல்லை. நவம்பர் நடு நெருங்கியது.

கெடுவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து மைனி மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் நாட்டில் இருக்கும் தங்கையின் கணக்குக்கு எல்லாவற்றையும் மாற்றினார். வேறு வழியில்லை. பிலிப்பைன்ஸில் அவருக்கு இருந்த பழைய கணக்கு எப்போதோ மூடிப்போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதை அடிப்பார், அடுத்தது வரும். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"தங்கச்சி நல்லவ" என்றார் முடித்துவிட்டு. "அவளும் கேட்டா தருவா."

பிறகு எழுந்து போய்த் துணி துவைத்தார். ஒரு மணி நேரம் அந்தக் கல்லில் துணி அடிபடும் சத்தம் கேட்டது. அம்மா என்னிடம், "அந்தத் துணியெல்லாம் நேத்துதான் தொவச்சது" என்றாள்.

அதன் பிறகு இரண்டு வாரம் கழித்து, வகுப்பு முடிந்து வரும்போது போன். மேனேஜர். "மேடம், நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாங்களேன். முடிச்சிடலாம்."

போனோம். இரண்டு நாற்காலி தயாராக இருந்தது. டீ வந்தது. அதே கவுண்டர்காரர் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு அறைக்கே வந்து, "உங்க பாஸ்போர்ட் குடுங்கம்மா" என்று மைனியிடம் கேட்டார். பாஸ்போர்ட், விசா, போலீஸ் பதிவுச் சான்று மூன்றையும் நகல் எடுத்தார்கள். அலைக்கோடு இல்லாமல் பெயரை அடித்தார்கள். சிஸ்டம் எடுத்துக்கொண்டது. நான் பையிலிருந்து தூதரகக் கடிதத்தை நீட்டினேன்.

"அது வேண்டாம் மேடம்" என்றார் மேனேஜர்.

"வேண்டாமா?"

"இந்த ரெஜிஸ்ட்ரேஷனே போதும். சின்ன கம்யூனிகேஷன் கேப், அவ்வளவுதான்."

ஜூன் மாதம் முதல் நாள் என்னென்ன காகிதங்களைக் கொண்டுபோனோமோ, அதே காகிதங்கள். ஒன்றுகூடக் கூடுதல் இல்லை. மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆனது. சட்டம் மாறியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். எங்கள் மேல் ஏதாவது தப்பு இருந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் மாறவில்லை, மேலேயிருந்து யாரோ ஒருவர் ஒரு போன் போட்டிருக்கிறார் என்பதைத் தவிர. அன்று நான் கத்தவில்லை. கத்துவதற்கான தெம்பு இல்லை. இவ்வளவு எளிதான ஒன்றைத்தான் ஐந்து மாதமாக ஒரு பெண்ணிடமிருந்து பிடித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் திரும்பத் திரும்ப நினைவில் வந்தது. டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன். மைனி குடித்தார்.

பாஸ்புக்கை அச்சிட்டுக் கொடுத்தார்கள். மைனி திறந்து பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"இது என் பேரு இல்ல சாரே."

நடுவில் இருந்த அம்மாவின் குடும்பப் பெயரை விட்டிருந்தார்கள். "அது பரவாயில்லம்மா, செல்லும்" என்றார் கவுண்டர்காரர்.

"செல்லும். ஆனா என் பேரு இல்ல."

இரண்டாவது முறை அந்தப் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி வந்தது. அதையும் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது முறை முழுப் பெயரும் வந்தது. எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்து, "கொள்ளாம்" என்று பையில் வைத்துக்கொண்டார்.

பணம் இன்னும் தங்கை கணக்கில்தான் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக இங்கே வருகிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் யார் அனுப்பியது, எதற்காக என்று கிளையிலிருந்து விளக்கம் கேட்கிறார்கள். தன்னுடைய சொந்தப் பணம் என்று எழுதினால், பிறகு ஏன் இன்னொருவர் பேரிலிருந்து வருகிறது என்று கேட்கிறார்கள். இதற்கு என்ன பதில் எழுதுவது? உங்களால்தான் என்று எழுதவா? மைனி 'குடும்ப உதவி' என்று எழுதுகிறார். எழுதும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறார்.

மேனேஜருக்கு மாற்றல் வந்து போய்விட்டார். கவுண்டர்காரர் இருக்கிறார். என்னைப் பார்த்தால் "டீச்சரே" என்று சிரிக்கிறார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறேன். ஊரில் சிலர், "அதான் கணக்கு கிட்டியாச்சே டீச்சரே, இன்னும் என்ன கோவம்?" என்கிறார்கள்.

கணக்கு திறந்து பத்து நாள் இருக்கும். சாயங்காலம் அண்டியாபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலை விட்டு ஆட்கள் போகிற நேரம். மைனியின் போன் அடித்தது. வங்கியின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து ஒரு பெண். முதலில் இந்தியில் ஆரம்பித்து, பிறகு ஆங்கிலத்துக்கு வந்து, மைனி 'சொல்லுங்க மக்களே' என்றதும் தமிழுக்கு மாறினாள். மைனி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"கணக்கு தொடங்கின அனுபவம் எப்படி இருந்தது மேடம்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் சொல்லுங்க."

பிடுங்கி நான் பேசலாமா என்று இருந்தது. மைனி கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். முற்றத்துப் படியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, "மொதல் நாள் ஜூன் மாசம், திங்கக்கிழம. எனக்கக்கூட எங்க வீட்டுக்காரருக்க தங்கச்சி வந்திருந்தா" என்று ஆரம்பித்தார்.

"மேடம், நம்பர் மட்டும் சொன்னா போதும்."

"சொல்லுதேன் மக்களே. நீ கேளு."

நாற்பது நிமிடம் பேசினார். இரண்டு முறை அந்தப் பெண் நம்பரைக் கேட்டாள். அதன் பிறகு கேட்கவில்லை. தூதரகக் கடிதம் வரும் இடத்தில், "அப்புறம் மேடம்?" என்றாள்.